டேங்க் மூடிச் சாவி

வண்டி நின்றுவிட்டது. நாலு மாதத்தில் இது பதினேழாவது தடவை. அதுவும் எங்கே? மேம்பாலத்து ஏற்றத்தில், பாதியில், பின்னால் ஒரு லாரி காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறபோது. முதலில் ஒரு இருமல். பிறகு ரெண்டு விக்கல். பிறகு ஒன்றுமே இல்லை.

"அடப் பாவி, இன்னைக்குமா!" என்று ஊசிக்காரம்மா வாய்விட்டே சொன்னாள். லாரிக்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வண்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போன திசையைப் பார்த்து அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவாள். சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள், நடக்க முடியாதவர்கள், பிரசவித்த பெண்கள் என்று இருபது இருபத்திரண்டு வீடு. எல்லோரும் வெறும் வயிற்றோடு, கையை நீட்டிக்கொண்டு, "சீக்கிரம் எடும்மா, பசிக்குது" என்று காத்திருப்பார்கள். எடுத்த ரத்தத்தைக் குழாய் குழாயாகப் பெயர் ஒட்டி, வண்டியின் பின்னால் கட்டிய குளிர்ப்பெட்டியில் அடுக்கி, ஒன்பதரை மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். பிந்தினால் ரத்தம் வீண். வீணானால் அத்தனை பேருக்கும் மறுநாள் மறுபடி ஊசி. எண்பது வயசுக் கையில், நரம்பே அகப்படாத கையில், ரெண்டாம் தடவை குத்துவது என்ன பாவம் என்று குத்தியவளுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு அவள் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது. மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டி நின்னுடுச்சு சார்."

"வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லைன்னு உங்க அண்ணனே சொல்றாரேம்மா. என் ஸ்கூட்டரை அவருகிட்டதான் விடுறேன். உங்களுக்கு கிளட்ச்சை விட்டு ஓட்டத் தெரியலையாம், அதான் என்ஜின் சூடாகி நிக்குதாம். சொந்த அண்ணன் பொய்யா சொல்வாரு?"

ஓட்டத் தெரியலையாம்! பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள். மழையில் ஓட்டியிருக்கிறாள், ஆறு மாத வயிற்றோடு ஓட்டியிருக்கிறாள். ஒரு குழாய் உடைந்ததில்லை.

"இன்னும் ஒரே ஒரு நாள் லேட்டானா," என்றார் மேனேஜர், "இந்த ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீங்க உள்ளயே உட்கார்ந்து லேபிள் ஒட்டுங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உங்க நல்லதுக்குத்தான்! இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் அவள் கையில் கிடைத்தால், பெரிய ஊசியாகப் பார்த்து எடுப்பாள். அந்த இருபத்திரண்டு வீட்டில் எந்தக் கிழவருக்கு இடது கை, எந்தப் பாட்டி, நாம் பாட்டுப் பாடினால்தான் கை நீட்டுவாள், எந்தக் குழந்தையின் முகத்தை அப்பா மறைத்தால்தான் அழாது என்று யாருக்குத் தெரியும்? லேபிள் ஒட்டுவதாம் லேபிள்.

அண்ணன் கதையைச் சொல்லியாக வேண்டும். கடைவீதியில் அவனுக்கு மெக்கானிக் கடை. கடை என்றால் சும்மா இல்லை, எப்போதும் ஆறு ஏழு வண்டி வரிசையில் நிற்கும். அண்ணன் வண்டியைப் பார்க்க மாட்டான். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தத்திலேயே, "பிளக் போச்சு", "செயின் லூசு" என்று சொல்லிவிடுவான். சொன்னது சரியென்றால் பத்து பேரிடம் சொல்வான். தப்பென்றால் அந்த வண்டிக்காரன்மேல் பழி போடுவான். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட "தெரியலை" என்று அவன் வாயால் அவள் கேட்டதில்லை. சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்கும் அப்படித்தான். தெரியாவிட்டாலும் ஒரு பதில் வரும், அதுவும் உரக்க வரும்.

முதல் தடவை வண்டி நின்றபோது அவள் அவனிடம்தான் போனாள். வேறு எங்கே போவாள்? அவன் எழுந்திருக்காமலே கையை நீட்டி, "மூடிச் சாவி குடு" என்றான். அவளுடைய பெட்ரோல் டேங்க் மூடிக்குத் தனியாக ஒரு சின்னச் சாவி. மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கியது என்று பழைய மூடியை எடுத்துவிட்டு, பூட்டு வைத்த இந்த மூடியை அவன்தான் மாட்டிக் கொடுத்தான். திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். பெட்ரோல் இருந்தது. மூடினான். உதைத்தான். வண்டி சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி ஓடியது.

"இதுல என்னடி கோளாறு? கிளட்ச்சைப் புடிச்சே ஓட்டியிருப்பே. ஒண்ணு பண்ணு, டேங்க்கை எப்பவும் ஃபுல்லா வச்சுக்கோ."

அவளும் கேட்டுக்கொண்டாள். அண்ணன் ஆயிற்றே. அன்றிலிருந்து டேங்க் பாதிக்குக் கீழே போகிற நாளெல்லாம் கடைசி வீட்டை முடித்ததும் பக்கத்துப் பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் லேபுக்குத் திரும்புவாள். ஒரே ஒரு தடவை நின்ற வண்டி அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை நிற்க ஆரம்பித்தது.

அடுத்துக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனாள். டை கட்டிய ஒருவர் நாலு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார். நீலச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். முதல் வார்த்தை என்ன? "மூடிச் சாவி குடுங்க மேடம்." திறந்தார், பார்த்தார், மூடினார். வண்டி ஓடியது. "ஜெனரல் சர்வீஸ் பண்ணிடலாம்" என்று பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள். மறுநாளே நின்றது, பளபளவென்று நின்றது.

மூன்றாவது ஆள் சந்துக்குள் கடை வைத்திருந்தார். அவரும் மூடிச் சாவி கேட்டார். திறந்தார், பார்த்தார், உதைத்தார், ஓடியது. காதை என்ஜின்மேல் வைத்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, "என்ஜினை இறக்கணும்" என்றார். என்ன கோளாறு என்று கேட்டாள். "இறக்கினாதான் தெரியும்." இறக்கித்தான் தெரியும் என்றால் கண்ணை மூடிக் கேட்டது எதற்கு என்று கேட்டாள். "உங்களுக்குச் சொன்னா புரியாதும்மா" என்றார்.

புரியாதாம்! காய்ச்சல் என்று வருகிற குழந்தையிடம்கூட நாம், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கிறோம். இந்த மூன்று பேரில் ஒருவர், ஒரே ஒருவர், "எப்பம்மா நிக்குது?" என்று கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பாள். நின்ற வண்டியை யாருமே பார்க்கவில்லை. பத்து நிமிஷம் ஓரத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி கிளப்பி, ஓட்டிக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் விட்ட வண்டியைத்தான் பார்த்தார்கள். ஓடுகிற வண்டியைப் பார்த்துவிட்டு, ஓட்டுகிறவளைக் குற்றம் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் மட்டும் குற்றம் சொல்லவில்லை. "வண்டிக்கு உன்னைப் பார்த்தா பயம் போல, அதான் மயங்கி விழுது" என்றார். அவள் பார்த்த பார்வையில் அன்றைக்குப் பாத்திரம் எல்லாவற்றையும் அவரே கழுவினார்.

கேட்க ஆள் இல்லாததால் அவளே எழுதி வைத்தாள். ரத்தம் எடுத்த பட்டியலின் பின்பக்கத்தில் தேதி, கிளம்பிய நேரம், நின்ற நேரம், வெயிலா மழையா, டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல். பதினேழு தடவையும் அதில் இருந்தது.

மேனேஜர் கெடு வைத்த அடுத்த நாள் காலை, ஒரு ஆட்டோக்காரர் வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. ஊசியைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு எதையாவது பேசுவார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, எனக்குப் பதிலா நீ அழுதிருவே போல இருக்கு?" என்று கேட்டார்.

சொன்னாள். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ தெரியாதுக்காரர்கிட்டப் போ."

"யாரு அது?"

"டயர் கடைக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காரு. எதைக் கேட்டாலும் தெரியாதும்பாரு. அதனால அவருகிட்ட கூட்டமே இருக்காது. என் ஆட்டோவை ஆறு வருஷமா அவருகிட்டதான் விடறேன்."

அன்று சாயங்காலமே போனாள். டயர் கடையைச் சுற்றிக்கொண்டு போனால் தகரம் வேய்ந்த ஒரு அறை. கருவிகள் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஐம்பது வயசிருக்கும் அவருக்கு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவள் மூடிச் சாவியை எடுத்து நீட்டினாள், பழக்கதோஷம். அவர் வாங்கவில்லை.

"எப்பம்மா நிக்குது?" என்றார்.

அவள் சாவியைப் பைக்குள் போட்டாள். பையைத் துழாவித் தாள்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பதினேழு வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"வெயிலும் மழையும் ஒண்ணுதான். அப்ப இது சூடு இல்லை. கிளட்ச்சும் இல்லை. பெட்ரோல் கொஞ்சமா இருக்கிற அன்னைக்கு நின்னதா ஒரு வரிகூட இல்லை. பாதி டேங்க்னா அரைமணி நேரம் ஓடுது. ஃபுல்லா போட்டா இருபது நிமிஷத்துல நின்னுடுது." தாளை மடித்துக் கொடுத்தார். "ஏன்னு தெரியலைம்மா."

மூன்று மாதம் முன்னால் இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாள். இப்போது அது காதுக்கு இதமாக இருந்தது.

"ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா பார்க்காம சொல்ல மாட்டேன். அது சாகும்போது நான் கூட இருக்கணும். நாளைக்கு உங்க பின்னாடி உட்கார்ந்து வரட்டுமா? என்னைக்கும் போல எல்லாம் செய்யுங்க. பெட்ரோல் மட்டும் ஃபுல்லா போடுங்க."

"நாளைக்கு நின்னா என் ரூட்டே போயிடும்."

"நாளைக்கு நிக்கலைன்னா, நாளன்னைக்கு நிக்கும்" என்றார் அவர்.

ஆக மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, கடைசி வீட்டுப் பக்கத்துப் பங்க்கில், வழிய வழியப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்து, அவர் மடியில் இருபத்தியொரு பேருடைய ரத்தத்தை வைத்துக்கொண்டு ஊசிக்காரம்மா கிளம்பினாள். பார்க்கிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் கண் கடிகாரத்திலேயே இருந்தது. பத்து நிமிஷம். பதினைந்து. ஒன்பது ஐந்துக்கு மேம்பாலத்து ஏற்றம் வந்தது. இருமல். விக்கல். அமைதி.

"சூப்பர்" என்றார் பின்னால் இருந்தவர்.

"என்னங்க சூப்பர்? எனக்கு உயிர் போகுது!" அவள் இறங்கிய வேகத்தில் சாவிக்கொத்தை எடுத்து, சின்னச் சாவியை மூடியில் நுழைத்துவிட்டாள்.

"கை வைக்காதீங்க!"

அவள் அப்படியே நின்றாள்.

"வண்டி நின்னதும் எல்லாரும் முதல்ல செய்யறது அதைத்தான். நானும் அதைத்தான் செய்வேன். இன்னைக்கு ஒரு நாள் செய்ய வேணாம்." பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். டேங்க்கிலிருந்து என்ஜினுக்குப் போகிற பெட்ரோல் குழாயைப் பிடுங்கினார். அதிலிருந்து சடசடவென்று கொட்டியிருக்க வேண்டும். விழுந்தது நாலே சொட்டு. அப்புறம் அதுவும் இல்லை. "பார்த்தீங்களா? மேல டேங்க் ஃபுல். கீழ ஒண்ணும் வரலை. நடுவுல எந்த அடைப்பும் கிடையாது, அடைச்சிருந்தா என்னைக்குமே ஓடாது."

ஊசிக்காரம்மா அந்தக் குழாயையே பார்த்தாள். லேபுக்கு வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவள் அவள். குளுக்கோஸ் கண்ணாடி பாட்டிலில் வருகிற காலம். தலைகீழாகத் தொங்கும் பாட்டில் நிறைய மருந்து இருக்கும், குழாயில் சொட்டு நின்றுபோகும். சின்ன நர்ஸுகள் ஓடி வந்து குழாயை நசுக்கிப் பார்ப்பார்கள், நரம்பைத் தட்டிப் பார்ப்பார்கள். பெரிய நர்ஸ் வந்து பாட்டில் மூடியில் இன்னொரு ஊசியைக் குத்துவாள். அவ்வளவுதான், சொட்டுச் சொட்டாக இறங்கும்.

"காத்து!" என்று கத்தினாள். "உள்ள காத்துப் போகலை! காத்துப் போகாம எப்படிக் கீழ இறங்கும்?"

தெரியாதுக்காரர் எழுந்தார். முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "இப்ப மூடியைத் தொறங்க. மெதுவா. காதைப் பக்கத்துல வச்சுக்கோங்க."

திறந்தாள். உஸ்ஸ்ஸ் என்று ஒரு மூச்சு. நாலு மாதமாக லாரிச் சத்தத்திலும் தன்னுடைய கோபத்திலும் காதில் விழாமலே போன மூச்சு. கீழே குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டியது, அவர் சட்டென்று விரலால் அடைத்துக் குழாயை மாட்டினார். ஆக, ஒவ்வொரு தடவையும் வண்டியைக் குணப்படுத்தியது அந்த மூடியைத் திறந்ததுதான். கோளாறைத் தேட வந்தவர்கள் எல்லாரும், தேடுவதற்கு முன்னாலேயே அதை விரட்டிவிட்டு, அப்புறம் தேடியிருக்கிறார்கள்.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை. துளை நிறையச் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி இறுகிப்போன பசை.

"இது தானா வந்ததில்லைம்மா. என்ஜின் மூட்டுல தடவற பசை. யாரோ மெனக்கெட்டு அடைச்சிருக்காங்க."

யாரோவா? "மழைத்தண்ணி இனிமே ஒரு சொட்டு உள்ள இறங்காதுடி, அண்ணன் பண்ணின வேலை" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு சொன்னது அவள் காதில் இப்போதும் இருக்கிறது. பையைத் திறந்து புது ஊசி ஒன்றை உறை பிரித்து எடுத்தாள். எத்தனையோ நரம்பைத் தேடிய கை, ஒரே குத்தில் துளைக்குள் போய் அந்தப் பசையை முழுசாக வெளியே கொண்டுவந்தது. மிளகளவுதான் இருந்தது. அதைத் தூக்கிப் போடவில்லை அவள். காலிக் குழாய் ஒன்றில் போட்டு மூடி, லேபிள் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதினாள். பெயர் என்ற இடத்தில் "அண்ணன்" என்று எழுதினாள்.

ஒன்பது இருபத்தாறுக்குப் பெட்டி லேபுக்குள் போனது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் மூச்சு வாங்க நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நல்லதும்மா. ஆனா உங்க அண்ணன் கோளாறே இல்லைங்கறாரு, நீங்க கோளாறு இருந்துச்சுங்கறீங்க. இன்னைக்கு ஒரு நாள் ஒழுங்கா ஓட்டிட்டீங்கன்னு வச்சுக்கலாம். நான் வேற ஆளுகிட்டயும் பேசிட்டேன். உங்க அண்ணனே ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்."

பதினோரு வருஷம் அவள் ஓட்டியது கணக்கில் இல்லை, பதினேழு வரி எழுதி வைத்தது கணக்கில் இல்லை, கடையில் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாதவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும். ஊசிக்காரம்மா வெளியே வந்து, தெரியாதுக்காரரைக் கடையில் இறக்கிவிட்டு, வழியில் டேங்க்கை மறுபடி நிரப்பினாள். பிறகு ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, மூடியின் அடியில், துளையின்மேல் அழுத்தி ஒட்டினாள். பூட்டினாள். சின்னச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். நாலு பேர் பெஞ்சில், ரெண்டு பேர் நின்றுகொண்டு.

"வாம்மா வா, மறுபடி நின்னுடுச்சா?" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "என் தங்கச்சிதான். கிளட்ச்சோட கல்யாணம் பண்ணிக்கிட்டவ."

பெஞ்சு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"ஆமாண்ணா, எனக்குத்தான் ஓட்டத் தெரியலை. நீ ஒரு தடவை லேப் வரைக்கும் ஓட்டிக் காட்டு, பார்த்துக் கத்துக்கறேன். டேங்க் ஃபுல்லா இருக்கு, நீ சொன்ன மாதிரியே."

"இதென்ன பெரிய விஷயம்? அரைமணி நேரத்துல வந்துருவேன்." சட்டைக் கையை மடித்தான், உட்கார்ந்தான், ஒரே உதை, புகை பறக்கப் போனான். போகிற ஸ்டைலைப் பார்த்துப் பெஞ்சு தலையை ஆட்டியது.

அரைமணி ஆனது. ஒரு மணி ஆனது. பெஞ்சில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் அண்ணனுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவனுடைய மின்விசிறிக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வீதி முனையில் தெரிந்தான். தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. முகம் மிளகாயாகச் சிவந்திருந்தது.

"மூடிச் சாவி எங்கடி?" இதுதான் முதல் வார்த்தை.

"எத்தனை தடவை நின்னுச்சுண்ணா?"

"அது... மூணு. நாலு. கொஞ்ச நேரம் விட்டா கிளம்புது, மறுபடி பொசுக்குன்னு போயிடுது. பிளக்கைத் தொடச்சேன், ஒயரைப் பார்த்தேன்..."

"கிளட்ச்சைப் புடிச்சே ஓட்டினியா?"

பெஞ்சில் ஒருவர் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சிரித்தவரைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். உரக்க வரவேண்டிய பதில் வரவில்லை.

"என்னாச்சுன்னே தெரியலைடி" என்றான்.

நாற்பது வருஷத்தில் முதல் தடவை! அவள் சின்னச் சாவியை எடுத்து மூடியைத் திறந்தாள். உஸ்ஸ்ஸ். அந்தச் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. மூடியைக் கவிழ்த்துப் பிளாஸ்திரியைக் காட்டி உரித்தாள். பிறகு பையிலிருந்து குழாயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் லேபிளைப் படித்தான். உள்ளே இருந்த சாம்பல் உருண்டையைப் பார்த்தான். அவனும் மெக்கானிக்தான், அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"தண்ணி இறங்கக்கூடாதுன்னுதான்டி..." குரல் உள்ளே போய்விட்டது. "உன் நல்லதுக்குத்தான்..."

"அந்த வார்த்தை மட்டும் வேணாம்! நாலு மாசம் நடுரோட்டுல நின்னேன். பாட்டிங்களுக்கு ரெண்டாம் தடவை ஊசி குத்தினேன். தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் பார்த்திருப்பேன். தெரியலைன்னு சொல்றதுக்குப் பதிலா, எனக்கு ஓட்டத் தெரியலைன்னு ஊர் பூராச் சொன்னே. என் மேனேஜர்கிட்டயும் சொன்னே. அவரு என் ரூட்டைப் பிடுங்கப் போறாரு. இப்ப அவருகிட்டயும் சொல்லு."

போனை எடுத்து எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சார், நான்தான்... மெக்கானிக். தங்கச்சி வண்டி விஷயமா. கோளாறு வண்டியிலதான் சார் இருந்துச்சு. நான்தான் சார் காத்துத் துளையை அடைச்சு வச்சிருந்தேன்." கையிலிருந்த குழாயைப் பார்த்தான். "நாலு மாசமா எனக்குத் தெரியலை சார். அவ நல்லாத்தான் ஓட்டறா."

மேனேஜர், "அப்படியா? சரிப்பா, அப்ப ரூட் அவங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு வழக்கம்போல வரச் சொல்லிடு" என்றார்.

ஊசிக்காரம்மா போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் இங்கதான் சார் நிக்கறேன். என்கிட்ட சொல்லுங்க."

"நாளைக்கு வாங்கம்மா" என்றார் மேனேஜர்.